கணக்கு யார் பெயரில், அட்டை யார் கையில்?

இலங்கையின் அந்நியச் செலாவணி வருமானம் பற்றிப் பேசப்படும் போதெல்லாம், வெளிநாடுகளில் தொழில் புரிவோர் அனுப்பும் பணம் முன்வரிசையில் வைத்துப் பேசப்படுகின்றது. 2020 ஆம் ஆண்டில் சுமார் 7.1 பில்லியன் டொலராக இருந்த இத்தொகை, 2022 இல் 3.8 பில்லியன் டொலராக வீழ்ச்சியுற்றதும், 2024 இல் மீண்டும் 6.5 பில்லியனைத் தாண்டியதும் நாடறிந்த விடயங்கள். ஆனால், அந்தப் பணத்தை உழைத்தவருக்கு அவரது சம்பளம் எவ்வழியில் கிடைக்கின்றது, அவர் வாழும் நாட்டில் அவரது பெயரில் ஒரு வங்கிக் கணக்கு உண்டா, அக்கணக்குக்குரிய அட்டை யாருடைய கையில் இருக்கின்றது என்ற கேள்விகள் அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்லும் தமிழ், முஸ்லிம் பணிப்பெண்களைப் பொறுத்தவரை, அவர்களது உழைப்பின் பலன் இக்கேள்விகளுக்கான பதிலிலேயே தங்கியுள்ளது.

பொல்பிட்டிய என்றதும் 1969 இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையமே பலருக்கும் நினைவுக்கு வரும். அதனைச் சூழவுள்ள கினிகத்தேனை, நோர்ட்டன் பிரிட்ஜ், லக்ஷபான, மஸ்கெலியா பகுதித் தோட்டங்களில், தேயிலைக் கொழுந்தை மாத்திரம் நம்பி வாழ முடியாது என்ற நிலை ஏற்பட்ட பின்னர், பெண்கள் கொழும்புக்கும் அதனையும் தாண்டிச் சவூதி அரேபியா, குவைத், கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் முதலிய நாடுகளுக்கும் தொழில் தேடிச் செல்வது வழமையாகிவிட்டது. அங்கு அவர்கள் ‘வெளிநாட்டு வதிவோர்’. இந்தச் சொல் மலையகத் தமிழருக்குப் புதியதன்று. சொந்த மண்ணிலேயே அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர்கள் சுமந்த பெயர் அது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பெருந்தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு நிறைவேற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வதிவோர் (பிரஜாவுரிமை) சட்டம், தன் பெயரிலேயே அவர்களைப் பிரஜைகளாக அன்றி வதிவோராகவே குறித்தது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ள 1974 இல் இணக்கம் காணப்பட்டது. ஆயினும், தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலான கப்பல் சேவை 1984 இல் யுத்தச் சூழல் காரணமாக நின்றுபோனதும், இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றிருந்தும் பயணப்பட முடியாத பல குடும்பங்கள், தாம் பிறந்த லயங்களிலேயே அந்நிய நாட்டவர்களாகத் தங்கிவிட்டன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே இப்பிரச்சினைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இவ்வரலாற்றை வாக்குரிமையின் வரலாறாக மட்டும் நோக்குவது நமது வழக்கம். எனினும் அதற்குப் பொருளாதாரப் பக்கமொன்றும் உண்டு. பிரஜாவுரிமை இல்லாதவருக்குத் தேசிய அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு என்பது பெரும்பாலும் எட்டாக்கனியே. ஆகவே, தோட்டத் தொழிலாளரின் சேமிப்பு தங்க நகையாகி, ஈற்றில் அடகுக் கடையைச் சென்றடைந்தது. அல்லது சீட்டுப் பணமாகிக் கைமாறியது. தலைமுறை தலைமுறையாக வங்கியின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகளே இன்று அந்நிய நாட்டின் வங்கி முறைமைக்குள் எவ்விதத் தயாரிப்புமின்றித் தள்ளப்படுகின்றனர் என்பதை மறந்துவிடலாகாது.

பிரஜாவுரிமை கிடைத்த பின்னரும் தடைகள் முற்றாக நீங்கிவிடவில்லை. பணம் தூயதாக்கலைத் தடுப்பதற்காக 2006 இல் இயற்றப்பட்ட சட்டங்களும், 2016 இல் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு விடுத்த வாடிக்கையாளர் பற்றிய விதிகளும், கணக்குத் திறப்பவரின் அடையாளத்தையும் முகவரியையும் வங்கிகள் உறுதிப்படுத்த வேண்டும் என வலியுறுத்துகின்றன. இது உலகளாவிய நடைமுறை. 2017 இல் சர்வதேச நிதி நடவடிக்கைச் செயலணியின் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு 2019 இல் விடுவிக்கப்பட்ட இலங்கை, இவ்விடயத்தில் தளர்ந்துகொடுக்க முடியாது. ஆனால், லயத்தில் வாழும் குடும்பத்துக்குத் தனி முகவரி எங்கே? வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லாமல், தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் மட்டுமே முகவரியாகக் கொண்டு, தோட்ட அலுவலகத்தினூடாகக் கடிதம் பெறுவோர் இன்றும் உள்ளனர். குடியிருக்கும் நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவரிடம் வதிவிடத்துக்கான சான்றைக் கேட்டால், அவர் கிராம உத்தியோகத்தரிடமோ தோட்ட முகாமையாளரிடமோ கடிதம் கேட்டு அலைய வேண்டியதுதான்.

பெயரும் அவ்வாறே ஒரு சிக்கலாகும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டின் ஆங்கிலத்தில் மற்றொன்று என்பது தோட்டப்புறங்களில் சர்வசாதாரணம். தமிழ்ப் பெயரைத் தமிழறியாத உத்தியோகத்தர் காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவு இது. உள்ளூரில் அது சிறு சங்கடமாக முடியலாம். ஆனால், வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படும் பணத்தில் குறிக்கப்பட்ட பெயரும், இங்குள்ள கணக்கின் பெயரும் பொருந்தாதபோது பணம் முடங்கிவிடுகின்றது. ஆவணத்தில் உள்ள ஆள் வேறு, உண்மையான ஆள் வேறு என்ற நிலை எத்தகைய பேரிடருக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு மூதூரின் ரிசானா நபீக்கின் கதையைவிட வேறு சான்று தேவையில்லை. வயது கூட்டி எழுதப்பட்ட கடவுச்சீட்டுடன் 2005 இல் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்ட அந்த இளம்பெண், 2013 ஜனவரி 9 ஆம் திகதி மரண தண்டனைக்குள்ளானார். முகவர் எழுதும் பொய் அவருடைய பதிவேட்டுடன் நின்றுவிடுவதில்லை. அது தொழிலாளியின் ஒவ்வொரு ஆவணத்திலும் பின்தொடர்கின்றது.

இனி, அந்நிய நாட்டில் கணக்குத் திறப்பது எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் பார்ப்போம். வளைகுடா நாடுகளில் வங்கிக் கணக்குக்கு அடிப்படையாகக் கேட்கப்படுவது கடவுச்சீட்டு மாத்திரமன்று. சவூதியில் ‘இக்காமா’ எனப்படும் வதிவிட அனுமதிப்பத்திரமும், அமீரகத்தில் எமிரேட்ஸ் அடையாள அட்டையும், ஏனைய நாடுகளில் அவற்றை ஒத்த அட்டைகளும் வேண்டும். இவ்வனுமதியைப் பெற்றுக்கொடுப்பவர் தொழில் வழங்குநரான கபீல். அவர் தாமதித்தால் கணக்குத் திறப்பதும் தாமதமாகும். அதுவரை சம்பளம் ரொக்கமாகவே கிடைக்கும். அல்லது கிடைக்காமலே போகும். ஓர் அலுவலக ஊழியர் விடுமுறை நாளில் தாமே வங்கிக்குச் சென்று வரலாம். வீட்டைவிட்டு வெளியேற எசமானரின் அனுமதி வேண்டிய பணிப்பெண்ணுக்கு வங்கி எத்தனை அருகில் இருந்தும் பயனில்லை.

சம்பளம் வழங்கப்படாமையைத் தடுப்பதற்காக வளைகுடா அரசுகள் ‘சம்பளப் பாதுகாப்பு முறைமை’ என்றதோர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. ஐக்கிய அரபு இராச்சியம் 2009 இலும், சவூதி அரேபியா 2013 இலும், கட்டார் 2015 இலும் இதனை ஆரம்பித்தன. சம்பளம் வங்கியினூடாகவோ சம்பள அட்டையினூடாகவோ செலுத்தப்பட்டால், அது உரிய காலத்தில் கொடுக்கப்பட்டதா என அரசு கணினித் திரையிலேயே கண்டறியலாம் என்பதே இதன் நோக்கம். ஆயினும் இது முதலில் கம்பனித் தொழிலாளருக்கே உரியதாக இருந்தது. வீட்டுப் பணியாளர்கள் நீண்ட காலம் இதற்கு வெளியே வைக்கப்பட்டிருந்தனர். 2024 ஜூலை முதல் சவூதி அரேபியா வீட்டுப் பணியாளரின் சம்பளத்தையும் இலத்திரனியல் முறையில் செலுத்தும் ஏற்பாட்டைப் படிப்படியாக விரிவுபடுத்தி வந்துள்ளமை வரவேற்கத்தக்கது.

எனினும், இங்கேதான் நாம் அவதானிக்க வேண்டிய அபாயமொன்று மறைந்துள்ளது. கணக்கு பணிப்பெண்ணின் பெயரில் திறக்கப்படுகின்றது. சம்பளம் மாதந்தோறும் அதில் வைப்பிலிடப்படுகின்றது. ஆனால் அட்டையும் அதன் இரகசிய இலக்கமும் எசமானரிடம் இருந்தால் நடப்பது என்ன? வைப்பிலிட்ட பணத்தை வைப்பிலிட்டவரே மீளப் பெற்றுக்கொள்ளலாம். கடவுச்சீட்டைப் பறித்து வைப்பது போலவே, தொழிலாளரின் வங்கி அட்டையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் வழக்கம் வளைகுடாவில் பலகாலமாக மனித உரிமை அமைப்புகளால் சுட்டிக்காட்டப்பட்டு வந்துள்ளது. பிணக்கு நீதிமன்றம் செல்லும்போது வங்கிப் பதிவேடு சம்பளம் ஒழுங்காகக் கொடுபட்டது என்றே சொல்லும். ரொக்கமாகச் சம்பளம் தரப்படாத பெண்ணாவது தனக்குக் கிடைக்கவில்லை என்று வாதாடலாம். அட்டையைப் பறிகொடுத்த பெண்ணுக்கு எதிராகவோ அவளது சொந்தக் கணக்கே சாட்சி சொல்லும். ஆகவே, கணக்கு இருப்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது. அட்டை கையில் இல்லாத கணக்கு, கணக்கே இல்லாமையிலும் பார்க்க மோசமானது.

2011 இல் சர்வதேச தொழில் அமைப்பு நிறைவேற்றிய 189 ஆம் இலக்கச் சமவாயம், வீட்டுப் பணியாளர் தமது பயண ஆவணங்களையும் அடையாள ஆவணங்களையும் தம்மிடமே வைத்திருக்க உரித்துடையவர் என்கின்றது. சம்பளம் குறைந்தது மாதம் ஒருமுறை நேரடியாக வழங்கப்பட வேண்டும் எனவும் அது கூறுகின்றது. வங்கி அட்டை பற்றி அதில் தனிக் குறிப்பு இல்லாவிடினும், சம்பளம் வங்கியினூடாக வருகின்ற இக்காலத்தில், அட்டையைப் பறிப்பதும் சம்பளத்தைப் பறிப்பதும் ஒன்றே என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

அட்டை கையில் கிடைத்தவர்களும் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. வதிவிட அனுமதி காலாவதியானால் கணக்கும் முடக்கப்படக்கூடும். எனவே நாடு திரும்பும் திகதி நிச்சயமானதும், நிலுவைச் சம்பளமும் சேவைக்காலக் கொடுப்பனவும் வந்து சேர்ந்தனவா எனப் பார்த்து, பணத்தை ஊருக்கு அனுப்பிய பின்னரே கணக்கை மூட வேண்டும். ஊருக்குத் திரும்பிய பின் அந்நாட்டுத் தொலைபேசி இலக்கம் இயங்காது. அவ்விலக்கத்துக்கு அனுப்பப்படும் உறுதிப்படுத்தல் குறியீடு கிடைக்காவிடில் எஞ்சிய பணத்தை இங்கிருந்து எடுப்பது பெரும்பாடாகிவிடும். தமது கணக்கையோ அட்டையையோ சிறு தொகைக்காக வேறொருவரின் உபயோகத்துக்குக் கொடுப்பதும் ஆபத்தானது. மோசடிப் பணம் அவ்வழியே சென்றால், சட்டத்தின் முன் நிற்பவர் கணக்கின் சொந்தக்காரரே. சம்பள அட்டையும் கடனட்டையும் ஒன்றல்ல என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். முன்னது உழைத்த பணம்; பின்னது வட்டியுடன் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்.

பணம் ஊருக்கு வந்து சேரும் மறுபக்கத்தையும் நோக்குவோம். 2021 இன் பிற்பகுதியில் டொலரின் உத்தியோகபூர்வ பெறுமதி 200 ரூபாவை ஒட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தபோது, உண்டியல்காரர் அதனிலும் கணிசமாகக் கூட்டிக் கொடுத்தனர். மத்திய வங்கி டொலருக்கு 10 ரூபா வரை மேலதிகமாக வழங்கியும் பயன் கிட்டவில்லை. 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டது. தொழிலாளர் தேசப்பற்று அற்றவர்கள் என்று அப்போது சிலர் குறை கூறினர். மாதம் முழுவதும் உழைத்த பணத்துக்குக் கூடிய பெறுமதியைத் தேடுவது குற்றமாகுமா? அதேவேளை, உண்டியலில் சென்ற பணத்துக்கு எவ்விதப் பதிவும் இல்லை என்பதையும், இடையில் அது மறைந்துபோனால் முறையிட இடமில்லை என்பதையும் நமது மக்கள் உணர வேண்டும். வங்கிப் பதிவு இல்லாத வருமானத்தைக் காட்டி வீட்டுக் கடனோ தொழிற் கடனோ பெறவும் முடியாது.

பணம் வந்து சேரும் கணக்கு யாருடையது என்பது இன்னொரு கேள்வி. கணவனின் கணக்குக்கோ சகோதரனின் கணக்குக்கோ ஆண்டுக்கணக்காக அனுப்பிவிட்டுத் திரும்பும் பெண், மிச்சம் ஒன்றும் இல்லை எனக் கண்டு மீண்டும் முகவரைத் தேடிச் செல்வது தமிழ், முஸ்லிம் கிராமங்கள் இரண்டிலும் காணப்படும் அவலம். குடும்பச் செலவுக்கென ஒரு கணக்கும், தன் பெயரில் தன் சேமிப்புக்கென வேறொரு கணக்கும் புறப்படுமுன்னரே திறக்கப்படுமாயின் இந்நிலையை ஓரளவாயினும் தவிர்க்கலாம். முன்னர் வதிவற்றோர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என அழைக்கப்பட்டது, 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் பின்னர் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்காக மாற்றப்பட்டது. சம்பளத்தை டொலராகவே சேமிக்க இது வழி தருகின்றது. வட்டியை விரும்பாத முஸ்லிம்கள் அதனையே காரணமாகக் கொண்டு வங்கியைத் தவிர்க்க வேண்டியதில்லை. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு வட்டியற்ற வங்கிச் சேவைக்கு இடமளிக்கப்பட்டது. 2011 முதல் அமானா வங்கி முழுமையாக அம்முறையில் இயங்குகின்றது. வேறு சில வங்கிகளிலும் அதற்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன.

நாடு கடந்து செல்வோரின் பணத் தேவைக்கென அரசு தனி ஏற்பாடு செய்ய முடியுமா என ஐயுறுவோருக்கு அயல்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோருக்காக 1969 இல் சென்னையில் ரெப்கோ வங்கி ஆரம்பிக்கப்பட்டது. திரும்பி வந்தோரின் துயரம் முழுவதையும் அவ்வங்கி தீர்த்து வைத்ததாகக் கூற முடியாது. நீலகிரியிலும் பிற இடங்களிலும் அவர்கள் பட்ட பாடுகள் பல. ஆனால், இடம்பெயரும் மக்களுக்கு வங்கி ஓர் அத்தியாவசியத் தேவை என்பது அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பது கவனத்திற்குரியது.

1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், பதிவுக் கட்டணம் பெற்றுக் காப்புறுதி வழங்கி, பணிப்பெண்களுக்குப் பயிற்சியும் அளிக்கின்றது. சலவை இயந்திரத்தையும் சமையலறை உபகரணங்களையும் இயக்கக் கற்பிக்கும் அப்பயிற்சியில், வங்கி அட்டையை இயக்குவதும் இரகசிய இலக்கத்தைப் பாதுகாப்பதும் கணக்குக் கூற்றை வாசிப்பதும் தமிழ்மொழியில் செய்முறையாகவே கற்பிக்கப்பட வேண்டும். 1987 இல் 13 ஆம் திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாக்கப்பட்ட தமிழில் இதனைக் கோருவது சலுகை அன்று. சம்பளம் தொழிலாளியின் சொந்தக் கணக்கிலேயே செலுத்தப்படும், அட்டையும் இலக்கமும் அவரிடமே இருக்கும் என்ற வாசகம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும். பிணக்கு ஏற்படும்போது வைப்புக்களை மட்டுமன்றி, பணம் எங்கே, எப்போது மீளப் பெறப்பட்டது என்ற விபரத்தையும் வங்கியிடம் கேட்டுப் பெறத் தூதரகத் தொழிற் பிரிவுகள் முன்வர வேண்டும். பணிப்பெண் வீட்டுக்குள் இருந்த நேரத்தில் வேறொரு நகரத்தின் இயந்திரத்திலிருந்து பணம் எடுக்கப்பட்டிருப்பின், அதுவே அவளுக்கான சான்றாகும்.

உள்நாட்டில் செய்ய வேண்டியவையும் உள்ளன. 2023 இல் அஸ்வெசும கொடுப்பனவுகள் வங்கிக் கணக்குகளினூடாக வழங்கப்படத் தொடங்கியபோது, குறுகிய காலத்தில் பெருந்தொகையான ஏழைக் குடும்பங்களுக்குக் கணக்குகள் திறக்கப்பட்டன. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இதுவே சான்று. அதே அக்கறையுடன் கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா போன்ற இடங்களில் நடமாடும் சேவைகள் நடத்தப்பட்டு, பெயர் வேறுபாடுகள் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கு வீட்டு இலக்கமும் முகவரியும் வழங்கப்படுமாயின், வெளிநாடு செல்வோர் முகவரின் தயவில் தங்கியிருக்க வேண்டிய நிலை பெருமளவு குறையும். மலையகக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் நாட்சம்பளத்துக்காகக் கொடுக்கும் குரலில் ஒரு பங்கையேனும் இதற்கும் கொடுக்க வேண்டும். தோட்டத்தை விட்டுச் சென்ற பெண்ணும் அவர்களது மக்களில் ஒருத்தியே.

திறைசேரிக்கு டொலர் தேவைப்படும் நாட்களில் மட்டும் வெளிநாட்டுத் தொழிலாளரை ‘நாட்டின் வீரர்கள்’ எனப் புகழ்வதால் அவர்களுக்கு ஆவது எதுவும் இல்லை. உழைத்தவர் பெயரில் கணக்கும், அவர் கையில் அட்டையும், அவருக்கு மட்டுமே தெரிந்த இரகசிய இலக்கமும் இருப்பதை உறுதிசெய்வதே அவர்களுக்கு இந்நாடு செலுத்த வேண்டிய முதற் கடனாகும்.